ஆடிக்காற்றில் ஒரு குறும்படம்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு ஆடி மாசம் சம்பளமில்லாத லீவு. முகூர்த்தம் கிடையாது, கேமரா பையை விட்டு வெளியே வராது, பாளையங்கோட்டையில் நாங்கள் வைத்திருக்கும் சின்ன எடிட்டிங் ரூமில் உட்கார்ந்து பழைய ஆல்பம் பாக்கிக்குப் போன் போடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அப்படி ஒரு ஆடியில்தான் குறும்படம் எடுக்கும் ஆசை வந்தது. கேமரா சும்மா கிடக்கிறது, லென்ஸ் இருக்கிறது, கதை மாப்பிள்ளையிடம் இருக்கிறது. (கேமரா பார்க்கும் கூட்டாளி. சொந்தத்தில் மாப்பிள்ளை இல்லை, பழக்கத்தில் மாப்பிள்ளை.) வேறென்ன வேண்டும் என்று கிளம்பிவிட்டோம். வேறென்ன வேண்டும் என்பது முதல் நாள் எடுத்ததை ஹெட்போன் மாட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். 11 வருஷமாக எடிட் பண்ணுகிறேன், ஆனால் சத்தத்தை எடிட் பண்ணியதே இல்லை. கல்யாண வீடியோவில் கெட்டிமேளம் வருகிற இடத்தில் கெட்டிமேளம் கேட்டால் போதும், மற்ற இடமெல்லாம் பாட்டு. பந்தியில் யார் என்ன பேசினார்கள், பெண்ணின் அம்மா எப்போது மூக்கை உறிஞ்சினாள், மண்டபத்து ஃபேன் எப்படிக் கடகடத்தது, எல்லாம் பாட்டுக்கு அடியில் புதைந்துவிடும். குறும்படத்தில் புதைக்க இடமில்லை.

கதை சின்னது. வீரவநல்லூர் பக்கம், கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு ஊரில் தனியாக இருக்கும் ஆச்சி. பணகுடி பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் மகன். வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்ல அவன் வந்து போகும் ஒரு நாள். ஆச்சியாக நடித்தது மாப்பிள்ளையின் சொந்த ஆச்சி, வீடும் அவள் வீடு.

முதல் நாள் கேமராவில் இருக்கிற மைக்கையே நம்பினோம். ஆச்சி அடுப்படி வாசலில், கேமரா ஏழெட்டு அடி தள்ளி. படம் அப்படி ஒரு அழகு, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும். சத்தத்தைக் கேட்டால் ஆச்சி கிணற்றுக்குள் இருந்து பேசுகிறாள். வால்யூமைக் கூட்டினேன், கிணறும் சேர்ந்து கூடியது. அப்புறம் எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் இரைச்சல் நீக்கியை இழுத்துவிட்டேன், இப்போது ஆச்சி தண்ணீருக்கு அடியில் இருந்து பேசினாள்.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் போய் நின்றது கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக்செட் போடும் ஒரு அண்ணாச்சியிடம். சினிமாவுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் மைக்கோடு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவர். கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்: “சத்தத்தக் கூட்டுறது வேற தம்பி, மைக்கக் கிட்டக் கொண்டு போறது வேற.” பேசுகிறவருக்கும் மைக்குக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஏறும். அறையின் எதிரொலியும் ஃபேன் இரைச்சலும் ஏறாது, அவை இருந்த இடத்திலேயே இருக்கும். வால்யூமைக் கூட்டும்போது இரண்டும் சேர்ந்தே ஏறும், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் முதல் நாள் முழுக்க மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் பெயின்ட் அடிக்கிற நீட்டுக் கம்பு ஒன்றை வாங்கி, நுனியில் ஷாட்கன் மைக்கை, அதாவது நீட்டிய திசையில் வரும் சத்தத்தையே அதிகம் வாங்கும் குழல் மைக்கை, கட்டினோம். ஃபிரேமுக்கு வெளியே, தலைக்கு மேலே, ஆச்சியின் நெஞ்சைப் பார்த்துச் சாய்வாக, வாயிலிருந்து ஒன்றரை இரண்டு அடிக்குள். கம்பைப் பிடிப்பது சும்மா நிற்கிற வேலை என்று நினைத்து மாப்பிள்ளையின் தம்பியிடம் கொடுத்தோம், மூன்றாவது டேக்கில் அவன் கை நடுங்கி மைக் மெதுவாக ஃபிரேமுக்குள் இறங்கியது. யாராவது ஒருவர் ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றாமல் நிற்க வேண்டும் என்பதையும் அன்றுதான் பழகினோம். கண்ணால் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் இருக்கும்.

எதிரொலிக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் கோரைப் பாய். பத்தமடை பக்கத்தில்தானே என்று நாலைந்து பாயை வாங்கிவந்து சுவரெல்லாம் தொங்கவிட்டோம். பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருந்ததே தவிர எதிரொலி அசையவில்லை. மெல்லிய பாய் சத்தத்தைக் குடிக்காது, தடிமனும் உள்ளே பஞ்சும் வேண்டும். பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தை ஒன்றையும் இரண்டு ஜமுக்காளத்தையும் மடித்து, ஃபிரேமில் தெரியாத சுவரில் சாய்த்து, ஆச்சியின் காலடியில் ஒன்றை விரித்தபோதுதான் குரல் கிணற்றை விட்டு வெளியே வந்தது.

இனி அமைதி. ஊர்ப்புறத்து வீட்டில் அமைதி என்று ஒன்று இருப்பதாக நான் நினைத்திருந்தேன். ஹெட்போனை மாட்டினால் ஃபேன், ஃப்ரிட்ஜ், கோழி, தெருவில் மீன்காரர், செங்கோட்டை ரயில், இதற்கெல்லாம் மேலே மயில். தாமிரபரணிக் கரையில் மயில் எவ்வளவு பெருகிவிட்டது என்று தெரிய வேண்டுமானால் ஒரு மணி நேரம் சத்தம் பதிந்து பாருங்கள். மயிலை ஒன்றும் செய்ய முடியாது, காத்திருந்தோம். ஃபேனை நிறுத்தினோம், ஃப்ரிட்ஜை நிறுத்தினோம், கூடத்தில் இருந்த பெண்டுலம் கடிகாரத்தையும் கையால் பிடித்து நிறுத்தினோம். கடிகாரம் ஏன் என்றால், ஒரு டேக்கின் பாதியை வெட்டி இன்னொரு டேக்கோடு ஒட்டும்போது ‘டிக் டிக்’ நடுவில் நொண்டும். படம் வெட்டியதைக் கண் மன்னிக்கும், தாளம் தப்பியதைக் காது மன்னிக்காது.

ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிட்டோம். மறுநாள் காலையில் ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, கெட்டுப்போன மீன் குழம்புச் சட்டியை எங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு ஃப்ரிட்ஜை நிறுத்தினால் பைக் சாவியை அதற்குள்ளேயே போட்டுவிடுவோம். சாவியை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது, எடுக்கத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

ஆச்சி நடந்துகொண்டே பேசும் இடங்களுக்குச் சட்டையில் மாட்டும் சின்ன மைக். அதிலும் ஒரு பாடு. சேலைக்கு அடியில் வைத்தால் துணி உரசும் சத்தம், மேலே வைத்தால் படத்தில் தெரியும், சங்கிலி வேறு அதன்மேல் போய் மோதும். மருந்துக் கடையில் விற்கும் பேப்பர் பிளாஸ்திரியை முக்கோணமாக மடித்து, மைக்கைத் துணியோடு சேர்த்து அசையாமல் ஒட்டியதில் பாதி சரியானது. மீதிப் பாதிக்கு, பட்டுச்சேலை வேண்டாம் ஆச்சி, நூல்சேலை கட்டு என்று கெஞ்ச வேண்டியிருந்தது. படம் என்றால் பட்டு என்று ஆச்சி எடுத்து வைத்திருந்தாள்.

சத்தத்தை எந்த லெவலில் பதிவது என்ற விஷயத்தில் அடிபட்டது அம்மன் கோயில் கொடையில். ராத்திரி வில்லுப்பாட்டு, அதை நாலு ஷாட் எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ரெக்கார்டரை ஆட்டோ மோடில் போட்டுவிட்டு நான் கேமராப் பக்கம் போய்விட்டேன். ஆட்டோ என்பது என்ன செய்கிறது என்றால், சத்தம் குறைந்த இடத்தில் தானாகத் தூக்கும், பெரிய சத்தம் வந்ததும் சட்டென்று அமுக்கும். வீசுகோல் வில்லில் விழுந்து, குடத்து வாயில் மட்டை படும் ஒவ்வொரு தடவையும் பாடுகிறவர் குரல் முங்கி முங்கி எழுந்தது. டிஜிட்டலில் 0 டெசிபல் என்பது சுவர், அதற்கு மேல் பதிய இடமில்லை, அதில் முட்டி நசுங்கிய சத்தத்தை அப்புறம் எந்த மென்பொருளும் பழையபடி ஆக்காது. இப்போது எப்போதும் கையால்தான் வைக்கிறேன். பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் ஆடுகிற மாதிரி வைத்தால் யாராவது திடீரென்று கத்தினாலும் இடம் இருக்கும். பல ரெக்கார்டர்களில் அதே சத்தத்தை இன்னொரு டிராக்கில் குறைந்த லெவலில் சேர்த்தே பதியும் வசதி உண்டு, அதைப் போட்டுவைத்தால் ராத்திரி தூங்கலாம். மிகச் சின்னச் சத்தத்தையும் மிகப் பெரிய சத்தத்தையும் நசுக்காமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் ரொம்பக் குறைவு, ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை அதுவும் ஒன்றும் செய்யாது.

காற்றைப் பற்றி ஒரு பாட்டம் அழலாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள், காற்றாலைக்கு அடியில் மகன் போனில் பேசும் காட்சியை ஆடியில் போய் எடுக்கிறோம். பணகுடிப் பக்கம் அந்தக் காற்று எப்படி வீசும் என்பது அங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். மைக்கோடு வந்த கறுப்பு ஸ்பாஞ்ச் வீட்டுக்குள் ஃபேன் காற்றுக்குச் சரி, வெளியில் எடுபடாது. முடி அடர்ந்த உறை வேண்டும். கடையில் ஆர்டர் போட நேரமில்லாமல் மாப்பிள்ளை மகளின் கரடி பொம்மையை அறுத்துத் தைத்தோம், துணி அடர்த்தியாக இருந்ததால் குரலும் கொஞ்சம் மங்கியது, ஆனால் ‘படபட’ அடங்கியது. (பொம்மைக் கணக்கு இன்னும் தீரவில்லை.) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் ஆழமான உறுமலை வெட்டும் வசதியையும் போட்டோம். எல்லாவற்றையும்விட உதவியது மகனாக நடித்தவரைக் காற்றாலைத் தூணின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தியதுதான்.

எடிட்டுக்கு உட்கார்ந்ததும் முதல் தலைவலி, சத்தம் ஒரு ஃபைலில், படம் ஒரு ஃபைலில். கிளாப் போர்டு எங்களிடம் இல்லை, வெட்கப்பட்டுக்கொண்டு கையும் தட்டவில்லை. இன்றைக்கு மென்பொருள் இரண்டு ஃபைலிலும் உள்ள சத்தத்தின் அலைவடிவத்தைப் பார்த்துத் தானே பொருத்திவிடுகிறது, உண்மைதான், ஆனால் கேமரா தூரத்தில் இருந்து அதன் சத்தம் காற்றில் அடித்துப் போன ஷாட்களில் அதுவும் கையை விரித்துவிட்டது. உதடு அசைவைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்த ஒரு ராத்திரி போனது. ஒரு தட்டு, ஒரே ஒரு கைத்தட்டு, கேமராவில் தெரிகிற மாதிரி தட்டியிருந்தால் அந்த ராத்திரி இல்லை.

இன்னொன்று, மூன்றாவது கோணத்துக்கு ஒரு போனை வைத்திருந்தோம். கேமரா வினாடிக்கு 25 ஃபிரேம், போனையும் 25 என்று வைத்தாயிற்று, ஆனாலும் ஆரம்பத்தில் சரியாக இருந்த உதடு போகப்போக நழுவியது. பல போன்கள் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃபிரேம் வேகத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டே போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுக் கொண்டுவந்தால் சரியாகிவிடுகிறது. சத்தத்தை 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம்.

டப்பிங் பேசிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, தமிழ் சினிமா ரொம்ப காலம் அப்படித்தானே ஓடியது. ஆச்சியை எங்கள் ரூமுக்குக் கூட்டிவந்து திரையைக் காட்டிப் பேசச் சொன்னோம். “சாப்ட்டியாய்யா?” என்ற ஒரு வரி. படத்தில் அவள் கேட்டது மகனிடம், இங்கே அவள் கேட்டது மைக்கிடம். ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, “நான்தான் அன்னைக்கே கேட்டுட்டேனல” என்று எழுந்துவிட்டாள். அவள் சொன்னது சரி. அன்றைக்குப் பதிந்ததையே வைத்துக்கொண்டோம், மயிலோடு.

அப்படி வைத்துக்கொள்ள முடிந்தது மைக்செட் அண்ணாச்சி சொல்லிக்கொடுக்காத, ஆனால் எங்களுக்குத் தற்செயலாக அமைந்த ஒன்றால். இரண்டாம் நாள் ஒரு டேக் முடிந்து யாரும் நிறுத்தச் சொல்லாமல் ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, எல்லோரும் மயில் ஓயட்டும் என்று வாயை மூடி நின்ற ஒரு நிமிஷம் அப்படியே பதிந்திருந்தது. யாரும் பேசாத அந்த வீடு. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே இருமலையோ டைரக்டர் குரலையோ வெட்டி எடுத்தால் அங்கே ஒரு ஓட்டை விழும், ஒன்றுமே இல்லாத ஓட்டை, அது அமைதி மாதிரிக் கேட்காது, ஸ்பீக்கர் போய்விட்ட மாதிரிக் கேட்கும். அந்த ஓட்டைகளில் இந்த ஒரு நிமிஷத்தை வெட்டி வெட்டி நிரப்பினேன். ரூம் டோன் என்கிறார்கள். இப்போதெல்லாம் எந்த இடத்தில் எடுத்தாலும் கிளம்பும் முன் ஒரு நிமிஷம் எல்லோரையும் ஆடாமல் நிற்கவைத்துப் பதிந்துகொள்கிறேன். வெட்டும் இடங்களில் சத்தத்துக்கு இரண்டு ஃபிரேம் அளவு கரைப்பு (ஒரு சத்தம் மங்க இன்னொன்று ஏறுவது) வைத்தால் ‘டக்’ என்ற சின்ன வெடிப்பும் போய்விடும்.

கல்யாண எடிட்டர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எனக்கும் உண்டு: படத்தையும் சத்தத்தையும் ஒரே இடத்தில் கத்தியால் வெட்டுவது, வெட்டிய இடம் உறுத்தினால் டிசால்வ் போட்டு, ஒரு படத்தை இன்னொன்றில் கரைத்து, மூடுவது. அந்த வியாதிக்கு மருந்து இந்தப் படத்தில் கிடைத்தது. ஆச்சி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், மகன் பைக்கில் வருகிறான். முதலில் ஆச்சி, அப்புறம் தெருவில் பைக் என்று ஒட்டியிருந்தேன், செய்தி வாசிப்பது மாதிரி இருந்தது. பைக் சத்தத்தை மட்டும் மூன்று வினாடி முன்னால் இழுத்து ஆச்சியின் ஷாட்டுக்கு அடியில் விட்டேன். இப்போது தூரத்தில் பைக் கேட்கிறது, கீரை ஆயும் கை நிற்கிறது, அதற்கப்புறம்தான் தெரு. கை நின்றது உண்மையில் கீரையில் ஒரு புழுவைப் பார்த்து! இதை ஜே கட் என்கிறார்கள், டைம்லைனில் சத்தம் படத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது அந்த எழுத்தின் கொக்கி மாதிரித் தெரிவதால். படம் மாறிய பிறகும் பழைய சத்தம் தொடர்ந்தால் எல் கட். மகன் “வீட்ட வித்துரலாம்மா” என்று சொல்லி முடிப்பதற்குள் படத்தை ஆச்சி முகத்துக்கு மாற்றிவிட்டேன். பேசுகிறவனை விடக் கேட்கிறவள் முகத்தில்தான் விஷயம் இருந்தது.

திண்ணைக் காட்சியில் நாங்கள் செய்த தப்பையும் சத்தம்தான் காப்பாற்றியது. ஆச்சியும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும், இது பாடப்புத்தக விதி. வெயில் மாறுகிறது என்று அவசரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டோம், ஒட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு யாரிடமோ பேசுகிறார்கள். திரும்ப எடுக்க மாப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை. பேச்சைத் தொடர்ச்சியாக ஓடவிட்டு, இரண்டு கோணத்துக்கும் நடுவில் கீரை ஆயும் கையைச் செருகினேன். அந்தக் கையின் மறைவில் இழுவையாக இருந்த நாலு வரி வசனத்தையும் தூக்கிவிட்டேன். 14 நிமிஷப் படம் 9 நிமிஷமானது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

சில சத்தங்களைத் தனியாகச் செய்தோம். கதவு, செருப்பு, கீரைக் காம்பு ஒடிவது, எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு. தகரக் கூரையில் சாரல் விழ வேண்டிய இடத்தில் எங்களுக்கு மழை கிடைக்கவில்லை. அப்பளம் பொரியும் எண்ணெய்ச் சட்டியைப் பதிந்து, கொஞ்சம் அடித்தொனியைக் கூட்டி வைத்தோம், யாரும் கண்டுபிடிக்கவில்லை. பதிந்த அப்பளத்தைத் தின்றுவிட்டோம்.

கடைசியில் பாட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டே இடத்தில் மட்டும் வைத்தேன், பழக்கம் விடாமல் கை துறுதுறுத்தது. யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குச் சராசரியாக எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அளவு) என்ற அளவுக்கு மேல் சத்தமாக இருக்கும் வீடியோவைத் தானே குறைத்துவிடும், அதனால் பக்கத்துக் கடையைவிடச் சத்தமாக வைக்கும் போட்டியில் லாபமில்லை. நல்ல ஹெட்போனில் கேட்டுத் திருப்திப்பட்டது ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் கேட்டு நொந்தது ஒரு தடவை. காற்றாலையின் ‘ஹூம்’ போனில் இருக்கவே இல்லை, அவ்வளவு ஆழமான தொனியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் எழுப்பாது. அதற்குக் கொஞ்சம் மேலே, இறக்கை காற்றை அறுக்கும் ‘விஷ்’ சத்தத்தையும் சேர்த்த பிறகுதான் போனில் காற்றாலை சுற்றியது.

முதல் காட்சி ஆச்சி வீட்டுக் கூடத்தில், டிவியில். தெருவே உட்கார்ந்திருந்தது, மைக்செட் அண்ணாச்சி ஒரு ஸ்பீக்கரோடு வந்திருந்தார். படம் முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டுப் பிள்ளை டிவியில் வந்த மாதிரி பேசிக்கொண்டிருக்க, ஆச்சி மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்: “ஏலேய், நம்ம கடியாரச் சத்தத்த எங்கல காணோம்?”

கண் புரை ஆபரேஷன் ஆன பிறகும் அவளுக்குத் திரை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. அவள் படத்தைக் கேட்டிருக்கிறாள். அவள் வீட்டில் 40 வருஷமாக ஓடும் கடிகாரம் ஓடாத ஒரு வீட்டில் அவளைப்போல ஒருத்தி 9 நிமிஷம் நடமாடியிருக்கிறாள். வெட்டும்போது நொண்டும் என்று நிறுத்தியது சரிதான், அப்புறம் அதைத் தனியாகப் பதிந்து காட்சி முழுக்க ஒரே துண்டாக அடியில் ஓடவிட்டிருக்க வேண்டும், அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ராத்திரி ரெக்கார்டரோடு போனேன். ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, சாவி உள்ளே போனது. கடிகாரத்துக்கு இரண்டடி தள்ளி மைக்கை வைத்து, ஐந்து நிமிஷம் வேண்டும் ஆச்சி, ஆடக்கூடாது என்றேன். கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். நாலு நிமிஷம் தாண்டியிருக்கும், ஹெட்போனில் கடிகாரத்துக்குப் பின்னால் மெல்லிசாக அவள் குரல் கேட்டது.

“இருமிக்கிடலாமாய்யா?”